கேட்டில் தொங்கிய பைகள்

வணக்கம் சார்,

2021 மே மாதம், 12 நாள் இடைவெளியில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று இருந்த நேரம். எங்களுக்கு அந்த இருபது பேர்கூட வரவில்லை. நானும் அண்ணனும் காய்ச்சலோடு வீட்டுக்குள் கிடந்தோம். தெருக்காரர்கள் கேட்டில் பையை மாட்டி, மணியடித்துவிட்டுப் போவார்கள். மேல்வீட்டு அக்காவின் மிளகு ரசம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வரும். கூடப் படித்த தோழி காலையில் கஞ்சியோடு, எந்த மாத்திரை எப்போது என்று எழுதிய துண்டுச்சீட்டும் வைப்பாள். சித்தப்பா தெருமுனையில் பைக்கை நிறுத்திவிட்டு போன் செய்வார். நாங்கள் ஜன்னலுக்கு வந்து கையைக் காட்டிய பிறகுதான் கிளம்புவார்.

இந்த வருஷம் மாசியில் அண்ணன். நெஞ்சுவலி, 46 வயது. இந்த முறை தெரு கொள்ளாத கூட்டம். அண்ணி ஈரோட்டிலிருந்து இப்போதும் ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, "சாப்டியா கண்ணு" என்கிறார்.

கொஞ்ச நாளாக இவர்களையெல்லாம் நினைத்தால் மனசு நிறைகிறது. அடுத்த நிமிஷமே பயம் வருகிறது. மூன்று பேர் போனதை நான் ஒத்துக்கொண்டுவிட்டேனோ? "போனதை நினைக்காதே, இருப்பதை எண்ணிப் பார்" என்று வாட்ஸப்பில் யாராவது அனுப்பினால் போனைத் தூக்கி எறியலாம் போலிருக்கிறது. ஆனால் நானும் அதைத்தானே செய்கிறேன்? மூன்றாம் நாளே அம்மாவின் நகையைப் பற்றிக் கேட்ட சொந்தமும் எனக்கு உண்டு. அவர்களிடமும் நன்றியோடு இருக்க வேண்டுமா? மற்றவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை எழுதி அழித்தேன். இரண்டுமே நீங்கள் எறிய நினைத்த வாட்ஸப் செய்தி மாதிரியே வந்திருந்தன.

அப்புறம் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அப்பா, அம்மா மறைவுக்கு நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி. கேட்டில் தொங்கிய பைகளுக்கு ஒரு பத்தி. ரசம் வந்த பாட்டில் எது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இழப்பை ஒத்துக்கொண்டவர் எழுதுகிற எழுத்தாக எனக்கு இது படவில்லை. பெரியதைத் தொட முடியாமல் பக்கத்தில் இருக்கிற சின்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

என் அம்மா 2014 ஐப்பசியில், விடாத மழையில் போனாள். எங்கள் தெற்குப் பக்கம் துக்க வீட்டைக் கேத வீடு என்போம். அந்த மூன்று நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது ஐஸ் பெட்டியின் உறுமலும், பந்தல் துணியிலிருந்து சொட்டிய தண்ணீரும்தான். ஒரு வருஷம் கழித்து வாரிசுச் சான்றிதழுக்காக பீரோவைக் குடைந்தபோது ஒரு 40 பக்க நோட்டு கிடைத்தது. பெரியப்பா மகன் எழுதிய கணக்கு. பந்தல், நாற்காலி 50, ஐஸ் பெட்டி வாடகை, டீ, கோடித்துணி கொண்டுவந்தவர்கள், மொய். எல்லாம் முடிந்து, கடைசிப் பக்கத்தில் தொகை போடாமல் சில வரிகள்:

"எதிர்வீட்டு மதினி - இட்லி 80, ராத்திரி.
பால்கடை - காசு வாங்கவில்லை.
தம்பியைக் குளிக்க வைத்தது - மச்சான்."

தம்பி என்பது நான். அப்போது எனக்கு 41 வயது. ஒருவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியிருக்கிறார், எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அம்மா போனதற்கு அழுததை விட அன்று அந்தப் பீரோ முன்னால் உட்கார்ந்து அதிகமாக அழுதேன். அது அம்மாவுக்கா மச்சானுக்கா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. நன்றியும் துக்கமும் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன, ஒன்றைத் திறந்தால் மற்றதை மூடிவிட வேண்டும் என்ற நினைப்பு எனக்கு அன்றோடு போயிற்று.

வாட்ஸப் செய்தி மீது உங்களுக்கு வருகிற கோபம் சரியான கோபம்தான். அதில் ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது: மூன்று போனால் மீதி எத்தனை? சித்தப்பா உங்கள் அப்பாவுக்குப் பதில் இல்லை. அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் தெருமுனையிலேயே நின்றிருக்கிறார்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குக் கபிலர் ஞாபகம் வருகிறார். பறம்பு மலையை ஆண்ட அவருடைய நண்பன் பாரி இறந்த பிறகு அவர் பாடியது புறநானூற்றில் 236ஆம் பாட்டு. அதில் செத்துப்போன நண்பனோடு சண்டை போடுகிறார். நானும் உன்னோடு வருகிறேன் என்றேன், நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டாய், நம் நட்புக்கு இது தகுமா என்கிறார். பாரியை விட்டுக்கொடுத்துவிட்ட ஆள் பாடுகிற பாட்டா அது? அதே மனுஷன்தான் பறம்பு மலையை விட்டிறங்கி, பாரியின் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை தேடி அலைந்தார். விச்சிக்கோன் மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். மகள்களைப் பார்ப்பனர்களிடம் ஒப்படைத்தபின் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிர்விட்டார். திருக்கோவிலூரில் பெண்ணையாற்றுக் குன்றைக் காட்டி அந்தச் சாவைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். எனக்கு அந்த முடிவில் மரியாதை குறைவு. அந்தப் பெண்களோடு நடந்த நடை மீதுதான் மரியாதை. இருந்தவர்களுக்காக நடந்ததால் பாரி மீதிருந்த பிரியம் அவருக்கு ஒரு துளி குறைந்ததா?

சரி, நகை கேட்ட சொந்தம். அவர்களுக்கு நீங்கள் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. குடும்பம் என்றாலே கும்பிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கணவன் போன மறுநாளிலிருந்து நல்ல காரியங்களில் ஓரமாக நிற்கச் சொல்லப்பட்ட பெண்களை நம் எல்லார் வீட்டிலும் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் போய் 'சொந்தங்களுக்கு நன்றியோடு இரு' என்பதைப் போல அநியாயம் கிடையாது. உங்கள் அண்ணியையும் இந்த இடத்தில் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த நோட்டு கிடைத்த சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போய், "மதினி, அன்னிக்கு இட்லி கொண்டுவந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றேன். மதினிக்கு முகம் சுண்டிவிட்டது. "என்ன, வெளியாள் மாதிரி பேசுதிய?" நம் ஊரில் நன்றி என்கிற சொல் மேடையில் நன்றியுரைக்கும், கல்யாணப் பத்திரிகைக்கும் ஆகும். துக்க வீட்டில் வருகிறவரை 'வாங்க' என்றுகூடச் சொல்வதில்லை; போகிறவர் சொல்லாமல்தான் எழுந்து போவார். அந்த வீட்டில் செய்ததற்குச் சொல்லால் எப்படிப் பதில் செய்ய முடியும்? நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயிரணும் என்பார்களே, நாம் நன்றி சொல்கிற வழி அதுதான். (இதற்கும் ஒரு கோர முகம் உண்டு. எங்க வீட்டு எழவுக்கு வராதவன் என்று முப்பது வருஷம் பேசாதிருக்கிற அண்ணன் தம்பிகள் எனக்கே தெரியும். நோட்டை வரவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.)

2021 அந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டது. போக வேண்டியவர்கள் போக முடியவில்லை. அதனால்தான் கேட்டில் மாட்டினார்கள். உங்கள் மேல்வீட்டு அக்காவுக்கு அந்த ரசம், வரமுடியாத கேதத்துக்கு வந்துபோனது மாதிரி. அண்ணனுக்குக் கூடிய கூட்டத்தில்கூட, முந்தின இரண்டு சாவுக்கு வரமுடியாதவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தத் தோழியிடமும் அக்காவிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு தேவையும் இல்லாத ஒரு நாளில் போய் உட்கார்ந்து, அவர்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். துக்க வீட்டுக்காரர்களிடம் தங்கள் சின்னக் கஷ்டத்தைச் சொல்ல எல்லாரும் கூச்சப்படுவார்கள். நான்கு வருஷத்துக்கு மேலாக அந்தத் தோழி உங்களிடம் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லாமல் இருக்கிறாளோ என்னவோ.

அண்ணி விஷயம் வேறு. உங்களைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற அந்தம்மாவை யார் கேட்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அண்ணன் போன பிறகு வருகிற முதல் தீபாவளி இது. அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். பலகாரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். திருப்பூரிலிருந்து ஈரோட்டுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகுமா? ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். அதிரச மாவுக்குப் பாகு பதம் தப்பினால் மொத்தமும் கெட்டுவிடும், அதனால் முறுக்கே போதும்.