வெள்ளை அணு ஒன்றரை லட்சம்: தொற்றா, ரத்தப் புற்றுநோயா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. மோல்மேன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை. சில மாதமாகக் களைப்பு, உடம்பும் இளைத்துவிட்டது. இடது விலாவுக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்படுகிறது. பழைய மலேரியா என்று நினைத்தோம். இப்போது வெள்ளை அணு 1,54,000 என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் கிருமித் தொற்று என்கிறார், இன்னொருவர் ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார். ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். (வாசகி, ரங்கூன்)

பதில்: மலேரியாவில் இடது விலாவுக்குக் கீழே இருக்கும் மண்ணீரல் வீங்கும், உண்மைதான். ஆனால் வெள்ளை அணு பெரும்பாலும் சாதாரணமாகவோ குறைவாகவோதான் இருக்கும். கடுமையான தொற்றிலும் காசநோயிலும் அது கூடலாம். அப்படியும் ஒரு லட்சத்தைத் தாண்டுவது மிக அரிது. சாதாரண அளவு 4,000 முதல் 11,000 வரைதான்.

மொத்த எண்ணிக்கையோடு நிற்காமல், அதற்குக் கீழே உள்ள பிரிவுகளைப் பாருங்கள். அப்பாவுக்கு மயலோசைட் 18 சதவீதம், மெட்டாமயலோசைட் 9 சதவீதம். இவை எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருந்து முதிர வேண்டிய இளம் அணுக்கள். தொற்றிலும் இவை கொஞ்சம் வெளியே வரும். ஆனால் மெட்டாமயலோசைட்டைவிட அதற்கு முந்தைய நிலையான மயலோசைட் அதிகமாக இருப்பதும், பேசோபில் என்ற வெள்ளை அணு வகை 6 சதவீதம் இருப்பதும் தொற்றின் போக்கு அல்ல. பேசோபில் வழக்கமாக ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அந்த ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எனக்கு க்ரானிக் மயலாய்டு லுக்கேமியா (மெதுவாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது. பிளாஸ்ட் என்ற மிக இளம் அணு 2 சதவீதம்தான் என்பது நல்ல செய்தி. நோய் இன்னும் ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

ஸ்லைடை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. 9-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற மரபணு உருவாவதுதான் இந்த நோயின் வேர். இப்படித் துண்டு இடம் மாறிக் குட்டையாகிப்போன 22-வது குரோமோசோமைத்தான் 1960-இல் கண்டுபிடித்தார்கள்; அதற்குப் பிலடெல்ஃபியா குரோமோசோம் என்று பெயர். கையில் எடுக்கும் ரத்தத்திலேயே பிசிஆர் (PCR) என்ற மரபணுச் சோதனையில் இந்த மரபணு தெரிந்துவிடும். நோயின் கட்டத்தை உறுதிசெய்ய எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் கேட்பார்கள். ரங்கூன் பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தவியல் பிரிவுக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம்.

உறுதியானாலும் மனம் தளராதீர்கள். 2001-இல் இமாட்டினிப் மாத்திரை வந்த பிறகு இந்த நோயின் கதையே மாறிவிட்டது. தினமும் விடாமல் சாப்பிட்டு, சொன்ன நாளில் ரத்தம் பார்த்துக்கொண்டு, பலர் பல வருடங்களாக வேலைக்குப் போய் வருகிறார்கள். உடம்பு தேறிவிட்டது என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

இன்னொன்று. வயிற்றில் எண்ணெய் போட்டு அமுக்கித் தடவ யாரையும் விடாதீர்கள். வீங்கிய மண்ணீரல் கிழிந்துபோகலாம். பார்வை மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.