ஜார்ஜியாவிலிருந்து வரும் பெண்ணுக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3 வயது. 74 வயதான மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். மூட்டுவலியால் அவருக்கு ஒரு துணை தேவைப்படுகிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் திருச்சியிலிருந்து என் அக்கா மகளை ‘ஓபேர்’ ஆக (ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே அந்நாட்டு மொழியையும் கற்றுக்கொள்பவராக) வரவழைக்க நினைத்தோம். அது முடியாது என்று முகவர் சொல்லிவிட்டார். இப்போது ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த 21 வயதுப் பெண் ஒருவர் செப்டம்பரில் வருவதாகப் பேசி முடித்திருக்கிறோம். சமையலறையை ஒட்டி 6 சதுர மீட்டரில் ஒரு சாமான் அறை இருக்கிறது. அதை அவருக்கு ஒழித்துத் தரலாம் என்றிருக்கிறோம். வேறு என்னென்ன ஏற்பாடுகள் செய்ய வேண்டும்? சொந்த வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் பார்த்துக்கொள்வோம்.
— ஒரு வாசகி, ஸ்டுட்கார்ட்

பதில்: அன்புள்ள சகோதரி,

அக்கா மகளை அழைக்க முடியாமல் போனது உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் முகவர் சொன்னது சரி. விருந்தளிக்கும் குடும்பத்தின் தாய்மொழி ஜெர்மனாக இல்லாமல், வீட்டில் பேசும் மொழியாக மட்டும் அது இருக்குமானால், அந்தப் பெற்றோரின் சொந்த நாட்டிலிருந்து ஓபேர் வருவதற்கு அனுமதி கிடைக்காது. வருகிறவர் ஜெர்மன் மொழியையும் அந்நாட்டு வாழ்க்கையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. திருச்சிப் பெண் உங்கள் வீட்டில் தமிழிலேயே ஓராண்டைக் கழித்துவிடுவார் அல்லவா? இந்த விதி இப்போது வரவிருக்கும் பெண்ணின் விஷயத்திலும் உங்களுக்கு ஒரு கடமையை வைக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விசா. ஜார்ஜியக் குடிமக்கள் 2017 மார்ச் முதல் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளுக்கு வந்து போகலாம். ‘முதலில் அப்படி வந்து இறங்கட்டும், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். ஓபேராகத் தங்குவதற்கு அவர் தம் நாட்டில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில் விண்ணப்பித்து, அதற்குரிய விசாவோடுதான் வர வேண்டும். விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஏ1 எனப்படும் தொடக்கநிலை அளவிலான ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். தங்கும் காலம் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஓராண்டு.

அடுத்தது அறை. நீங்கள் ஒதுக்க நினைக்கும் அறை போதாது. ஓபேருக்குத் தனி அறை தர வேண்டும். அது 8 சதுர மீட்டருக்குக் குறையாமல், ஜன்னலும் வெப்பமூட்டும் வசதியும் கொண்டதாக, உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். குழந்தைகள் இருவரையும் ஒரே அறையில் தங்கவைத்துவிட்டு மற்ற அறையை அவருக்குக் கொடுப்பதே எனக்குத் தெரிந்த நல்ல வழி. கட்டில், மேசை, விளக்கு, அலமாரி, உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு ஆகியவை இருக்கட்டும். உங்கள் குளிர்கால உடைகளையும் விருந்தினர் மெத்தையையும் அந்த அலமாரியின் மேல்தட்டில் விட்டுவைக்காதீர்கள். விட்டுவைத்தால் அவற்றை எடுக்க நாளுக்கு ஒருமுறை யாராவது கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். ‘சொந்த வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று அன்போடுதான் எழுதியிருக்கிறீர்கள் என்பதை உணர்கிறேன். ஆனால் நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. வீட்டுப் பிள்ளைக்கு வேலை நேரம் கிடையாது. ‘அந்தத் துணியைக் கொஞ்சம் மடித்து வைத்துவிடும்மா’ என்று இரவு ஒன்பது மணிக்கும் சொல்லலாம். ஊரிலிருந்து உறவுக்காரப் பெண்களை அழைத்துவந்து, இந்தச் சொல்லைச் சொல்லியே காலை முதல் இரவு வரை வேலை வாங்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ‘ஓ பேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘சமமாக’ என்று பொருள். அந்தச் சமநிலையை அன்பு மட்டும் காப்பாற்றாது, எழுதி வைத்த நேர அட்டவணைதான் காப்பாற்றும் என்பது என் உறுதியான கருத்து.

அவருடைய வேலை நேரம் வாரத்துக்கு 30 மணிக்கும், பொதுவாக ஒரு நாளைக்கு 6 மணிக்கும் மிகாமல் இருக்க வேண்டும். வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வும், நான்கு மாலைகளாவது விடுப்பும், மாதத்தில் ஒரு ஞாயிறாவது விடுமுறையும் அவருக்கு உரியவை. உங்கள் வீட்டுக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது: காலை 7 முதல் 8.30 வரை குழந்தைகளை எழுப்பிச் சாப்பிட வைத்துப் பள்ளியிலும் மழலையர் காப்பகத்திலும் விடுவது. மாலை 3 முதல் 6.30 வரை அவர்களை அழைத்துவந்து பார்த்துக்கொள்வது. நாளுக்கு 5 மணி நேரம் என்றால் ஐந்து நாட்களில் 25 மணி ஆகிவிடும். மீதி 5 மணியை, நீங்களும் கணவரும் வெளியே போகும் ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தாலும், அவர் வீட்டில் காவலாக இருக்கும் நேரம் வேலை நேரமே. இந்த அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்; மாற்ற வேண்டியிருந்தால் முந்தைய வாரமே கேட்டு, அவர் சம்மதித்த பிறகு மாற்றுங்கள்.

மாமியாரைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கேள்விக்குள் அவர் இருக்கிறார். முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிப்பது ஓபேரின் வேலையில் சேராது. குழந்தைகளுக்குச் சிற்றுண்டி தரும்போது பாட்டிக்கும் ஒரு தேநீர் போட்டுக் கொடுப்பது ஒரே வீட்டில் இருப்பவர்கள் இயல்பாகச் செய்வது. அவரைக் குளிக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஆகியவற்றுக்கு நீங்கள் வேறு ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். இதைச் செப்டம்பருக்கு முன்பே மாமியாரிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர் வேறு மாதிரி எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றம் அவருக்கு, தர்மசங்கடம் அந்தப் பெண்ணுக்கு.

செலவைப் பொறுத்தவரை, கைச்செலவுப் பணம் மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு உங்கள் பங்கு மாதம் 70 யூரோ. நோய், விபத்து, மகப்பேறு ஆகியவற்றுக்கான காப்பீட்டையும் நீங்கள்தான் எடுக்க வேண்டும். அது அவர் வந்திறங்கும் நாளிலிருந்தே நடப்பில் இருக்கட்டும். பிறர் பொருளுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். ஓராண்டு இருந்தால் நான்கு வாரம் விடுமுறை உண்டு. அந்த வாரங்களுக்கும் கைச்செலவுப் பணத்தைப் பிடித்தம் செய்யக் கூடாது. ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எனப்படும் மக்கள் கல்விக்கூடங்களில் இலையுதிர்காலப் பருவ வகுப்புகள் விரைவில் நிரம்பிவிடும். குழந்தைகள் வெளியே இருக்கும் முற்பகலில் நடக்கும் வகுப்பாகப் பார்த்து இப்போதே விசாரித்து வையுங்கள்.

கடமை ஒன்று உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். அது சாப்பாட்டு மேசையில் பேசும் மொழி. பாட்டியும் பேரக்குழந்தைகளும் தமிழில் பேசுவதை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். அது அவர்கள் சொத்து. ஆனால் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது ஐவர் தமிழில் சிரித்துக்கொண்டிருக்க, ஆறாவதாக ஒருவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது கொடுமை. அவர் இருக்கும் மேசையில் ஜெர்மன் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் தடுமாறினாலும் ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஜார்ஜியச் சமையலில் கொத்தமல்லித் தழை தாராளமாகப் புழங்கும்; வெந்தய இனத்தைச் சேர்ந்த ஒரு வாசனைப் பொருளும் மிளகாய் விழுதும் உண்டு. லோபியோ என்னும் பீன்ஸ் பயறுக் குழம்பை உங்கள் மாமியாரும் விரும்பிச் சாப்பிடக்கூடும். ஆனால் அவர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அன்றாட உணவு. மூன்று வேளையும் சோறு, இட்லி என்றால் திண்டாடிப் போவார். வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை என்றால் அதை இப்போதே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஜெர்மனியில் குடியிருந்தபோது, இந்தோனேசியாவைச் சேர்ந்த ஒரு பெண் எங்கள் வீட்டில் ஓபேராக இருந்தார். அவர் வந்த அன்று அறையைக் காட்டினேன், குளியலறையைக் காட்டினேன், வைஃபை கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்தேன். விடிவதற்கு முன் நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், சமையலறை இருட்டில், ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஊரில் அப்போது நன்றாக விடிந்திருக்கும், பசித்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டியை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று நான் சொல்லவில்லை, கேட்க அவருக்குக் கூச்சம். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை. ஆகவே முதல் நாளே பெட்டியைத் திறந்து காட்டி, அதில் ஓர் அடுக்கைக் காலி செய்து ‘இது உங்களுடையது’ என்று சொல்லுங்கள். வீட்டுச் சாவியையும் அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். 112, 110 ஆகிய அவசர எண்கள், உங்கள் அலுவலக எண்கள், குழந்தைகளுக்கு ஒவ்வாத உணவுகள் ஆகியவற்றை எளிய ஜெர்மனில் ஒரே தாளில் எழுதிச் சமையலறையில் மாட்டுங்கள். முதல் வாரத்தில் ஒருவராவது விடுப்பு எடுத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகும் வழியை அவரோடு நடந்து காட்டுங்கள்.

அவர் குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும்; அதற்கான குடியமர்வுச் சான்றில் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்து, கூடவே போய்வாருங்கள். விசா முடிவதற்கு முன் வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி பெற வேண்டும். முன்பதிவு கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால் முகவரி பதிந்த கையோடு அதற்கும் விண்ணப்பியுங்கள். அவரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தாலும், ஜார்ஜிய உரிமம் ஆறு மாதம்தான் செல்லும். ஓராண்டுக்குள் திரும்பிவிடுபவர் என்று காட்டினால் நீட்டித்துத் தருவார்கள்.

ஒருவேளை ஒத்துவராமல் போனால் எத்தனை நாள் அவகாசத்தில் விலகுவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வழக்கமாக 14 நாட்கள். அந்த நாட்களிலும் அறையும் சாப்பாடும் அவருக்கு உண்டு.

குடும்ப நாட்காட்டியில் பொங்கலுக்கு முன்னால் இன்னொரு நாளையும் இப்போதே குறித்துவையுங்கள். ஜார்ஜிய மரபுவழித் திருச்சபையினருக்கு ஜனவரி 7-ஆம் தேதிதான் கிறிஸ்துமஸ். அவர் அதைக் கொண்டாடுபவரா என்று கேட்டு, ஆம் என்றால் அன்று அவருக்கு வேலை வைக்காதீர்கள்.