உடம்பு வலிக்குது என்று வருபவர், வரவே மாட்டேன் என்பவர்

கோவையில் இருபது வருடமாக மனநல மருத்துவராக இருக்கிறேன். வேலைக்குப் போகிற ஆண்கள், பெண்கள் மனநலம் பற்றி இன்று இங்கே டைப் அடித்துக் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரைப் பெயரைச் சொல்லி "எத்தனை மில்லிகிராம் போடலாம்" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனியில் செக்கிங், வயது 36): ஆறு மாதமாகத் தலை பாரம், உடம்பெல்லாம் எரிச்சல், படபடப்பு. ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்தவர் மனநல டாக்டரைப் பாருங்கள் என்கிறார். எனக்குப் பைத்தியமா மேடம்?

இல்லைங்க. உங்களைப் போல ஒரு கட்டப்பை நிறைய ரிப்போர்ட்டோடு வருகிறவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். பெரும்பாலும் பெண்கள். "மனசு சரியில்லை" என்று சொன்னால் வீட்டில் யாரும் காதில் வாங்கமாட்டார்கள், "தலை வலிக்குது" என்றால் டாக்டரிடமாவது கூட்டிப்போவார்கள். அதற்காக வலியை நடிப்பு என்று நினைக்க வேண்டாம். மனச்சோர்வில் தூக்கம் கெடும், பசி போகும், உடம்பு நிஜமாகவே வலிக்கும்.

முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. சோர்வு, படபடப்பு, தலைபாரம் மூன்றும் அதிலும் வரும். அதைப் பார்க்காமல் மனநல மாத்திரையை ஆரம்பித்தால் அது என் தப்பு.

அடுத்து உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள். உங்களைப் போலவே செக்கிங் வேலை பார்க்கிற ஒரு அம்மாவிடம் கேட்டேன். நாலரைக்குத் தண்ணி மோட்டார், சமையல், மூன்று டிபன் பாக்ஸ், எட்டு மணிக்குக் கம்பெனி வேன், ராத்திரி ஒன்பதுக்கு மறுபடி அடுப்படி என்று மூச்சுவிடாமல் சொன்னார். "எப்போ உட்காருவீங்க?" என்றேன். யோசித்துவிட்டு, "பஸ்ல ஊருக்குப் போறப்ப, இடம் கிடைச்சா" என்றார். 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் செலவழித்தது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இந்த 202 நிமிடத்துக்கு என்னிடம் மாத்திரை இல்லை. வீட்டுக்காரரையும் ஒருமுறை கூட்டி வாருங்கள், அவரிடமும் பேச வேண்டியிருக்கும்.

கேள்வி (ஐடி, சோழிங்கநல்லூர்): யு.எஸ். ஷிப்ட். இரண்டு பெக் போட்டால்தான் தூக்கம் வருகிறது. தப்பா?

தூக்கம் சீக்கிரம் வரும், பாதியிலேயே முழிப்பும் வரும். இரண்டு பெக் ஒரு வருடத்தில் நாலாகும். அப்புறம் என் பழைய பல்லவி: மெடிக்கலில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்காதீர்கள், அதையும் மதுவையும் சேர்த்துப் போடவே போடாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், ஃபிட்ஸ் வரலாம். டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள்.

கேள்வி (ஜவுளிக்கடை, மதுரை): 11 மணி நேரம் நின்றுகொண்டே வேலை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார். எரிச்சலாக வருகிறது.

எரிச்சல் வராவிட்டால்தான் ஆச்சரியம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்துவிட்டது. ஊழியர் உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும். தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை போட்டால் பழகிடுமா?

சாராயம் மாதிரி பழகாது. வேலை செய்யவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், உள்ளே கரண்ட் அடிப்பது மாதிரி இருக்கும். அதைத்தான் "பழகிடுச்சு" என்கிறார்கள். பழகிப்போவது வேறு ஜாதி மாத்திரை, சீட்டில்லாமல் வாங்குகிறீர்களே, அந்தத் தூக்க மாத்திரை.

கேள்வி (கரூர், ஃபைனான்ஸ் கலெக்‌ஷன்): பெண்களுக்கு மட்டுமே பரிதாபம் காட்டுகிறீர்கள். இந்தியாவில் 2021இல் தற்கொலையில் இறந்த ஆண்கள் 1,18,979, பெண்கள் 45,026. பெண்களுக்கு மன அழுத்தம் அதிகம் என்பதே கட்டுக்கதை.

இடையில் ஒரு நர்ஸ்: குடித்துவிட்டு வந்து அடிப்பவனுக்கும் சேர்த்து நாங்கள் அழ வேண்டுமா?

சரி, இதற்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் எண் சரி. முடிவுதான் தப்பு. 2015-16இல் பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் மனநலப் பாதிப்பு ஆண்களில் 13.9 சதவீதம், பெண்களில் 7.5. உங்களுக்குச் சாதகமாகத் தெரிகிறதா? குடிநோயும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. மனச்சோர்வை மட்டும் தனியே எடுங்கள், பெண்களே அதிகம். எதை நோய் என்று எண்ணுகிறோமோ அதைப் பொறுத்துக் கணக்கு மாறும். நீங்கள் சொன்ன 45,026 பெண்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள், பாதிக்கு மேல். 2016இல் உலகம் முழுக்கத் தற்கொலையில் இறந்த பெண்களில் 36.6 சதவீதம் இந்தியப் பெண்கள். அதே 2021 பட்டியலில் தினக்கூலிகள் 42,004 பேர், ஆண், பெண் சேர்த்து இறந்தவர்களில் நாலில் ஒருவர்.

நர்ஸம்மா, உங்கள் கோபம் புரிகிறது. அடி வாங்கிக்கொண்டு சகித்துப் போங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். ஆனால் குடிக்கிற ஆண்களில் ஒரு பகுதியினர் மனச்சோர்வைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். "கவலையா இருக்கா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். அந்த ஒரு கேள்வியோடு விட்டிருந்தால் பாதிப்பேரை நல்லா இருக்கிறார் என்று அனுப்பியிருப்பேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறேன்: இந்த மாதம் மேனேஜரோடு எத்தனை சண்டை? வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகிறீர்களா? பைக்கை எவ்வளவு வேகத்தில் ஓட்டுகிறீர்கள்? கோபம், குடி, வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது, பல ஆண்களிடம் மனச்சோர்வு இப்படித்தான் வரும்.

கரூர்த் தம்பி மறுபடியும்: ஆண் அழுதால் சிரிக்கிறார்களே, அதைச் சொல்லுங்கள்.

சிரிக்கிறார்கள். சிரிப்பதில் முக்கால்வாசி ஆண்கள்தான். தம்பி, இத்தனை எண்களையும் நீங்கள் தேடி எடுத்து வைத்திருப்பது யாருக்காக? உங்களுக்காகவே என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: விவாதமெல்லாம் இருக்கட்டும், யாருக்கு அதிகம்? ஒரே வரியில்.

ஒரே வரியில் முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு நேரம் டைப் அடித்திருக்கமாட்டேன்.

கேள்வி: டிப்ரஷன் மாத்திரை அடிக்ட் ஆக்குமா டாக்டர்?

மேலே பாருங்கள்.

கேள்வி (பெண், தனியார் அலுவலகம்): மேனேஜர் ராத்திரியில் அசிங்கமாக மெசேஜ் அனுப்புகிறார். தூக்கமே இல்லை. ஆலோசனைக்கு வந்தால் ஹெச்.ஆருக்குத் தெரியுமா?

உங்கள் சம்மதமில்லாமல் டாக்டர் அலுவலகத்துக்குச் சொல்லக் கூடாது, 2017 மனநலச் சட்டம் அதற்கு இருக்கிறது. ஆனால் இது தூக்கப் பிரச்சினை மட்டும் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள், மெசேஜை அழிக்காதீர்கள். தூக்கத்துக்கு என்னிடம் வாருங்கள், மேனேஜருக்கு அங்கே போங்கள்.

கேள்வி: முடி கொட்டுகிறது, டென்ஷனா?

தோல் டாக்டர்.

கேள்வி: மாத்திரை வாழ்நாள் முழுக்கப் போடணுமா? பழகிட்டா?

மூன்றாவது முறை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

கேள்வி (பொள்ளாச்சி): கணவர் லாரி ஓட்டுகிறார். ஆறு மாதமாக யாரோடும் பேச்சில்லை, எரிந்து விழுகிறார், சாப்பாடும் குறைந்துவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால் "நீ போ" என்கிறார். சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா?

கூடவே கூடாது. லாரி ஓட்டுகிறவர், தெரியாமல் கொடுத்த மாத்திரையோடு ரோட்டில் போனால் என்ன ஆகும்? பொய் சொல்லியும் கூட்டி வராதீர்கள், அடுத்த தடவை நம்பமாட்டார். தூக்கம் சரியில்லை என்பதை ஒத்துக்கொள்வாரா? "மனசுக்கு" என்றால் வராத ஆண்கள் "தூக்கத்துக்கு" என்றால் வருவார்கள். அதைச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் "செத்துடலாம் போல இருக்கு" என்கிற மாதிரி எதையாவது சொன்னால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி.

மறுபடி பொள்ளாச்சி: ஃபோனில் கேட்டேன் மேடம். தூக்கத்துக்குன்னா வர்றேன் என்கிறார். ஆனால் நான் உள்ளே வரக் கூடாதாம்.

சரி, வரட்டும். கிளினிக்குக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. வழக்கமாக மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு ஆண்கள் காத்திருக்கிற பெஞ்ச். அன்றைக்கு நீங்கள் அதில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள்.