ரசீதில் 18, கூடையில் 5: வரியை எங்கே எழுதுவது?

கேள்வி: இணையத்தில் சோப்பு, தலைமுடி எண்ணெய் விற்கிறோம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது, மென்பொருள் எழுதித் தந்தவர் கோப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கித் திருத்தினார். அப்படியும் கூடைப் பக்கத்தில் 5, ரசீதில் 18 என்று வந்தது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்தால் தீருமா?

பதில்: பெருமளவு தீரும். கூடைப் பக்கத்தில் ஒரு 18, ரசீதில் தனியாக இன்னொரு 18 என்று எழுதியிருக்கிறார்கள். 'சோப்பு வரி' என்று பெயரிட்டு ஓரிடத்தில் மட்டும் எண்ணை வைத்து, மற்ற பக்கங்களெல்லாம் அந்தப் பெயரையே அழைக்க வேண்டும். இதைத்தான் மாறிலி என்கிறோம். ஆர்டர் நிலையைக் குறிக்கும் சொற்களுக்கும் இதுவே வழி. 'கேன்சல்டு' என்பதை ஒருவர் ஓர் 'எல்', மற்றவர் இரண்டு 'எல்' போட்டு எழுதினால், ரத்தான ஆர்டர் பார்சலாகிப் போய்விடும். பிழைச் செய்தியும் வராது.

எண்ணைச் சிதறவிட்டவரே ஒவ்வொரு சிதறலுக்கும் பில் போடுவது அநியாயம். வரி மாற்றம் பராமரிப்பு ஒப்பந்தத்தில் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். மூல நிரல், அதாவது மென்பொருளை எழுதிய அசல் வரிகள், உங்கள் கையில் இருக்கட்டும். ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது செப்டம்பர் 3, அமலானது 22. சிறு வணிகருக்கு 19 நாள் கெடு வைத்தால் இத்தகையவர்கள் பிழைக்காமல் என்ன செய்வார்கள்? அந்த அவசரத்தில் ஒரு கடையில் 18 எல்லாவற்றையும் தேடி 5 ஆக்கிவிட்டார்கள். '18 வயது நிரம்பியவரா?' என்ற கேள்வியும் 5 வயதுக்கு இறங்கியது. எண் ஒன்றானாலும் பொருள் வேறென்றால் பெயரும் வேறாக இருக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் மாறிலி உதவாது: பழைய விற்பனை. செப்டம்பர் 20 அன்று விற்று, ரசீது கொடுத்து, பணமும் வாங்கிய சோப்பை வாடிக்கையாளர் அக்டோபரில் திருப்பி அனுப்புகிறார். திருப்பிய பொருளுக்குத் தொகையைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட்டில் 18 சதவீதம்தான் வரவேண்டும். நிரல் இன்றைய மாறிலியை எடுத்துக் கணக்கிட்டால் 5 என்று காட்டும், கணக்கு உதைக்கும். ஆகவே விகிதத்தை அமலான தேதியோடு தரவுத்தளத்தில் வையுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் அன்றைய விகிதத்தைச் சேமியுங்கள். பழைய ரசீதை மறுபடி அச்சிடும்போது சேமித்ததையே எடுக்கட்டும், மறுகணக்கு வேண்டாம்.

இன்னொன்று: பணம் வசூலிக்கும் சேவையின் ரகசியச் சாவியை (கடவுச்சொல் போன்ற எழுத்துக்கோவை) மாறிலிகள் இருக்கும் அந்த ஒரே கோப்பில் வைக்கவே கூடாது. அந்தக் கோப்பு வாடிக்கையாளரின் பிரவுசருக்கும் போகக்கூடும். போனால் யாரும் திறந்து படிக்கலாம். ஏற்கெனவே வைத்திருந்தால் இன்றே பழைய சாவியை ரத்து செய்து புதியது வாங்குங்கள்.