“சும்மாதான்” என்று சொல்லிவிட்டேன்

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். பரம்பரையாக லுத்தரன் சபைக் குடும்பம். போன மாதம் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் பேசியவர், “எத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணினாய்? வெறுங்கையோடு ஆண்டவர் முன்னால் நிற்பாயா?” என்று கேட்டார். அன்றிலிருந்து தூக்கம் வரவில்லை. நான் யாரிடமும் இயேசுவைப் பற்றிப் பேசியதே இல்லை. நோயாளிகளுக்கு இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதியாவது கொடுக்கலாமா? இன்னொன்றும் உறுத்துகிறது. கூட வேலை பார்க்கும் இந்துத் தோழி, “டூட்டிக்கு முன்னாடி கண்ணை மூடி என்ன சொல்றே?” என்று கேட்டாள். “சும்மாதான்” என்று சொல்லிவிட்டேன். இயேசுவின் சீடர் பேதுரு மாதிரி நானும் அவரை மறுதலித்துவிட்டேனா?
— ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

திடப்படுத்தல் வகுப்பில், நம் சபைப் பிரிவுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் கேள்வி-பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்திருப்பீர்கள். விசுவாசப் பிரமாணத்தில் பரிசுத்த ஆவியைப் பற்றிய மூன்றாம் பகுதிக்கு அதில் அவர் எழுதிய விளக்கத்தை இன்று ராத்திரி ஒருமுறை எடுத்துப் படியுங்கள். என் சொந்த புத்தியாலும் பலத்தாலும் என்னால் விசுவாசிக்க முடியாது, பரிசுத்த ஆவியானவரே சுவிசேஷத்தின் மூலம் என்னை அழைத்தார் என்று அங்கே அறிக்கை செய்கிறோம். நம்மையே நம்மால் விசுவாசிக்க வைக்க முடியவில்லை என்றால், அடுத்தவரை எப்படி வைப்போம்? ஆத்துமாக்களின் கணக்கை உங்கள் தலையில் ஏற்றியவர் அதை ஏற்றியிருக்கக் கூடாது. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

கைப்பிரதி வேண்டாம். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிற மனுஷரால் எழுந்து போக முடியாது. அடுத்த ஊசியை நீங்கள்தான் போட வேண்டும் என்று தெரிந்திருக்கிறபோது, “வேண்டாம்” என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் முடியாது. அந்த நிலையில் இருப்பவரிடம் எதையும் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவராகவே “எனக்காக ஜெபம் பண்ணும்மா” என்று கேட்டால் தயங்காமல் இரண்டு வரி ஜெபியுங்கள். அது வேறு.

இந்த 11 வருடத்தை வெறுங்கை என்று நினைக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். 1522-ல் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது லுத்தர், குழந்தையின் பீத்துணியை அலசுகிற தகப்பனைப் பற்றிச் சொல்கிறார். ஊரார் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அவன் அதை விசுவாசத்தோடு செய்தால் கடவுள் தம் தூதர்களோடு சேர்ந்து மகிழ்ந்து புன்னகைக்கிறார் என்கிறார். நடு ராத்திரியில் படுக்கைப் புண் வந்த பாட்டியைத் திருப்பிப் படுக்கவைத்து விரிப்பை மாற்றுகிறீர்களே, அப்போதும் அப்படித்தான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். பத்துக் கட்டளைகளில் எட்டாவதான ‘பொய்ச்சாட்சி சொல்லாதே’ என்பதற்கு லுத்தர் எழுதிய விளக்கத்தையும் நர்ஸ்கள் ஓய்வறையில் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லாத ஒருத்தியைப் பற்றி எல்லாரும் பேசும்போது, அவளுக்காகப் பேசி, அவள் செய்ததை நல்லவிதமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது அது. கைப்பிரதி கொடுப்பதைவிட இது கஷ்டம். நான் முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன்.

இனி அந்தத் தோழி. நீங்கள் சொன்னதை மறுதலிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், கூச்சத்தில் வந்த வார்த்தை அது. ஆனால் உண்மையில்லை, அதனால்தான் உறுத்துகிறது. கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று எழுதியவர், நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தபோது மூன்று தரம் “அவரை அறியேன்” என்று சொன்ன அதே பேதுருதான்.

நம் சபையின் ஆரம்பத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். அப்புறம் தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் வழிபாடு என்ன, வழக்கம் என்ன என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். வந்த பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். அவர் பெயரைச் சொன்னதும் 1715-ல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடுதான் நமக்கு ஞாபகம் வரும். அதற்குப் பின்னால் இத்தனை கேட்டல் இருந்தது. நீங்கள் அந்தத் தோழியிடம் ஏதாவது கேட்டதுண்டா? அவள் சமயபுரத்துக்கு நடந்து போகிறவளாக இருந்தால், எதற்காகப் போகிறாள், யாருக்காக நேர்ந்துகொண்டாள் என்று உங்களுக்குத் தெரியுமா? மடக்குவதற்காகக் கேட்காதீர்கள். தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

என்றைக்காவது அவளே நம் கோயிலுக்கு வருகிறேன் என்றால், சாதாரண ஞாயிறு ஆராதனைக்கே கூட்டிப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கம், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று காட்டுங்கள். முதல் தடவை வருகிறவர்கள் நம் ஆராதனை முறைமையில் திணறிப் போவார்கள். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய் அவள் மனம் நோகக் கூடாது.

அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. அடுத்த நைட் டூட்டியில் இரண்டு பேருமாக டீ குடிக்கும்போது, “அன்னிக்குக் கேட்டியே, சும்மா இல்லடி. இன்னிக்கு என் கையால யாருக்கும் தப்பு நடந்துடக் கூடாதுன்னு இயேசுகிட்ட கேட்டுக்கிட்டேன்” என்று சொல்லுங்கள். அவள் மேலே கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் டீயைக் குடித்துவிட்டு வார்டுக்குப் போங்கள்.