வாசகர் கேள்வி: அயர்லாந்தும் அரை அவுன்ஸ் தேயிலையும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டதாமே? பக்கத்து வீடு எரியும்போது கதவைச் சாத்துவது நியாயமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பக்கத்து வீடு நிஜமாகவே எரிந்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் குண்டு போட்டபோது, அது பிரிட்டனின் பகுதி என்று தெரிந்தும், பிரதமர் டி வலேரா டப்ளினிலிருந்து தீயணைப்பு வண்டிகளை எல்லை தாண்டி அனுப்பினார். தங்கள் மண்ணில் விழுந்த பிரிட்டிஷ் விமானிகள் பலரைச் சத்தமில்லாமல் வடக்கே கொண்டுபோய் விட்டார்கள், ஜெர்மன்காரரையோ முகாமில் அடைத்தார்கள். மேற்குக் கரையில் பிளாக்சொட் என்ற ஊரின் அஞ்சல் நிலையத்தில் வேலை செய்த 21 வயதுப் பெண் 1944 ஜூனில் எடுத்த காற்றழுத்தக் கணக்கும் லண்டனுக்குப் போனது. புயல் வருகிறது என்று அது காட்டியதால்தான் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகளின் தரையிறக்கம் ஒரு நாள் தள்ளி 6ஆம் தேதிக்குப் போனது.

அப்புறம் ஏன் போரில் சேரவில்லை? 1922இல்தான் தனி நாடானார்கள், உடனே உள்நாட்டுப் போர், மூன்று துறைமுகங்களைப் பிரிட்டன் திருப்பிக் கொடுத்ததே 1938இல்தான். பிரிட்டிஷ் கொடியின் பக்கம் நின்று சண்டை என்றால் நாடு மறுபடி இரண்டாகிவிடும் என்ற பயம் வீண் பயம் இல்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, நம் கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்ததே, இந்தப் போர் உங்களுக்கு வேண்டுமா என்று நம்மை யார் கேட்டார்கள்? மாட்டேன் என்று சொல்லும் உரிமைக்காகத்தான் அவர்கள் அவ்வளவு பிடிவாதமாக நின்றார்கள்.

விலையும் கொடுத்தார்கள். தேயிலை வந்தது பிரிட்டன் வழியாக, 1941இல் பங்கீடு ஆளுக்குக் கிழமைக்கு அரை அவுன்ஸ் ஆனது. அதாவது 14 கிராம், இன்றைய டீ பேக் கணக்கில் ஏழு, நாளுக்கு ஒரு கோப்பை. கூப்பன் காலத்தைக் கண்ட நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், புரியும்.

கேள்வி: ஹிட்லர் செத்ததற்கு டி வலேரா துக்கம் விசாரித்தாரா?
– அதே வாசகர்

பதில்: ஆமாம், 1945 மே 2ஆம் தேதி ஜெர்மன் தூதரிடம் நேரில் போனார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்தபோது பாராளுமன்றத்தையே ஒத்திவைத்தோம், இவர்களுக்கு மட்டும் மரியாதை செய்யாமல் விட முடியுமா என்பது அவர் பக்கத்து நியாயம். நான் ஏற்கமாட்டேன். நாஜிகளின் பெல்சன் வதை முகாமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்து அப்போது இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. நடுநிலைக்கு அந்தப் படியேற வேண்டிய தேவையே இருக்கவில்லை.