மே மாத வெயிலில் முதிய தாயாருடன் இராமேசுவரப் பயணம்: பதில்
எழுபத்தைந்து வயதுத் தாயாரையும் இரு குழந்தைகளையும் மே மாதத்தில் இராமேசுவரம் பக்கம் அழைத்து வர எண்ணி, வெயிலுக்கு அஞ்சித் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். தயங்காமல் வாருங்கள், நண்பகலை மட்டும் அறைக்குள் கழித்துவிடுங்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குக் காலை 7 மணிவாக்கில் சென்றுவிட்டால், சாலை முடியும் அரிச்சல்முனையில் இருபுறக் கடலையும் தாயார் வண்டியில் அமர்ந்தபடியே காணலாம். அங்கே நீரோட்டம் கடுமையானது என்பதால், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் தண்ணீரில் இறக்காதீர்கள். அவர்கள் ஆசைதீர நனைவதற்கு, அலை குறைவாகவும் சவுக்குத் தோப்பு நிழலோடும் உள்ள அரியமான் கடற்கரையே என் தேர்வு. மாலை 4 மணிக்குமேல் செல்லுங்கள். வழியில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதநீரில் இளநுங்கைப் பிசைந்து போட்டு வாங்கிக் கொடுங்கள், தாயாருக்கும் அது ஒத்துக்கொள்ளும். காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகுச் சவாரியும் உண்டு. ஆனால் படகில் ஏறி இறங்குவது முதியவர்களுக்குச் சிரமம்.